முன்சீட்டில் அம்மா

நொரிகோ வீடு முழுக்க அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சாமி அலமாரிக்கு முன்னால் இருந்த குட்டை மேசையில் அம்மாவின் படம் இருந்தது. ஊதுபத்திக் கிண்ணம் இருந்தது. அப்பா உரித்து வைத்த ஆரஞ்சுச் சுளைகள் இருந்தன. வெள்ளைப் பட்டு உறை போட்ட அஸ்திப் பெட்டியை மட்டும் காணோம். சமையலறையில் பார்த்தாள். அப்பாவின் படுக்கைப் பக்கம் பார்த்தாள். குளியலறையைக்கூடத் திறந்து பார்த்துவிட்டு, அங்கே ஏன் பார்த்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நாளைக் காலையில் கல்லறையில் வைக்க வேண்டிய அம்மா, இன்றைக்கு வீட்டில் இல்லை.

"டேய் தகா! அம்மாவை எங்கடா வச்ச?"

தம்பி தகாயுகி வாசலில் காரின் பின்சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தான். குளிர்கால டயரைக் கழற்றிக் கோடை டயர் மாட்டுவது இந்த ஊரில் திருவிழா மாதிரி. முதல் வெயில் அடித்த சனிக்கிழமை என்றால் தெரு முழுக்க எல்லா வீட்டு வாசலிலும் ஆண்கள் இப்படித்தான் குந்தியிருப்பார்கள்.

"நான் எதுக்கு எடுக்கிறேன்? வந்ததுலேர்ந்து இந்த நட்டோட மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன்."

"வேன்ல இருக்காங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி மாயுமி. கையில் துடைப்பமும் தலையில் துண்டுமாக வாசல் மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "காலையில கறி வாங்கப் போனப்போ மாமா கூட்டிட்டுப் போயிருக்காரு. இறக்க மறந்துட்டாரு போல."

நொரிகோ அப்பாவின் பழைய வெள்ளை வேனின் கதவைத் திறந்தாள். முன்சீட்டில், ஓட்டுநருக்குப் பக்கத்தில், அம்மா உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் பட்டின்மேல் சீட் பெல்ட் ஒழுங்காக மாட்டியிருந்தது. மடியில் என்று சொல்லக்கூடிய இடத்தில் கடைத் தள்ளுபடிச் சீட்டு ஒன்று செருகியிருந்தது.

"பெல்ட் போடலேன்னா வண்டி பீப் பீப்னு கத்துது," என்றார் பின்னால் வந்து நின்ற அப்பா.

"கத்தினா கத்தட்டுமேப்பா. ஊர்ல என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைப்பாங்க? கடைக்காரம்மா வணக்கமே சொல்றாங்க. எனக்கில்ல, இவளுக்கு."

அப்பா எய்கிச்சிக்கு எழுபத்தொன்று. வேலையில் இருந்த காலமெல்லாம் நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டியவர். ஊர் தூங்கும்போது எழுந்து, ஊர் எழுவதற்குள் எல்லாத் தெருவையும் வழித்துவிட்டு வருவார். அம்மா கிமியே இந்த ஊருக்குத் தெற்கே எங்கோ வெதுவெதுப்பான துறைமுகத்தில் பிறந்தவள். ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் நடுவில் இருக்கும் இந்த மூலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, வருஷத்தில் பாதியை அடுப்பண்டையில் உட்கார்ந்து குளிரைத் திட்டியே கழித்தாள். பனியைத் தள்ளுகிறவனைக் கட்டினால் பனி இருக்காது என்று நினைத்தேன், ஏமாந்துபோனேன் என்பாள்.

போன நவம்பரில், முதல் பனி விழுந்த வாரத்தில் போய்ச் சேர்ந்தாள். இந்த ஊரில் குளிர்காலத்தில் செத்தவர்களுக்கு அவசரம் கிடையாது. கல்லறை மேட்டில் ஆள் உயரத்துக்குப் பனி மூடிவிடும். கல் எது, வழி எது என்று தெரியாது. எரித்த எலும்புகள் பெட்டிக்குள் பத்திரமாக வீட்டிலேயே இருக்கும். பனி போய், மண் தெரிந்து, முதல் நல்ல வாரக்கடைசி வந்தால், பிள்ளைகள் சப்போரோவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்து சேருவார்கள். டயர் மாற்றுவார்கள், ஜன்னல்களுக்கு அடித்த பனிப்பலகைகளைக் கழற்றுவார்கள், வாசலில் ஆட்டுக்கறி சுடுவார்கள், மறுநாள் செத்தவரைக் கொண்டுபோய் வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே லீவுதான்.

அந்த வாரக்கடைசி வந்துவிட்டது. வெயில் அப்படி அடித்தது. கூரையில் மிச்சமிருந்த பனி சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் மெத்தைகளை எல்லாம் வெளியில் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். மாயுமி முதலில் கோட்டைக் கழற்றினாள், அப்புறம் ஸ்வெட்டரைக் கழற்றினாள், அப்புறம் எல்லோரையும் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தாள். நொரிகோவுக்கும் சிரிப்பு வந்தது. அம்மாவைப் புதைக்க வந்த இடத்தில் இப்படிச் சந்தோஷமாக இருக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அம்மா இருந்தால் முதலில் மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள் என்று நினைத்ததும் அந்தக் கேள்வி போய்விட்டது.

ஆனால் நொரிகோவுக்கு ஒரு வேலை இருந்தது. அதைத் தவிர மற்ற எல்லா வேலையையும் அவள் காலையிலிருந்து செய்துகொண்டிருந்தாள்.

நவம்பரில் ஆஸ்பத்திரியில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பனி போனதும் முதல் வெயில் நாள்ல என்னைக் கொண்டுபோய் வச்சிடு. உங்கப்பா விடமாட்டாரு. ஏதாவது சாக்குச் சொல்லுவாரு. நான் வீட்டுலயே இருந்தா என்கூடவே பேசிட்டுக் கிடப்பாரு, வெளிய ஒரு மனுஷன்கிட்டப் பேசமாட்டாரு. தகாவால ஆகாது, அவன் அப்பா முகம் வாடினா சேர்ந்து அழுவான். நீதான் கெட்டவளா இருக்கணும்."

"நான் எப்பவும் கெட்டவதானேம்மா," என்று நொரிகோ சொன்னாள்.

"அதான் உன்கிட்டச் சொல்றேன்," என்றாள் அம்மா.

அம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. அப்பாவின் பார்க் கால்ஃப் கூட்டாளிகள் மைதானம் திறந்துவிட்டது என்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்கள். கிமியே தனியாக இருப்பாள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம். சாக்கும் வந்தது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து நொரிகோ எப்போது போன் பண்ணினாலும் ஒரே பதில்: மேட்டில் இன்னும் பனி இருக்கிறது. கடைசியில் அவளே கோயில் பிக்குவிடம் பேசி நாள் குறித்துவிட்டு, அப்பாவுக்குத் தகவல் மட்டும் சொன்னாள்.

மத்தியானம் நூடுல்ஸ் சாப்பிடும்போது அப்பா அதை மறுபடி எடுத்தார்.

"நாளைக்கு நடக்காது. மேட்டுல நம்ம கல்லறையில இடுப்பளவு பனி கிடக்கு."

"நெடுஞ்சாலையிலேர்ந்து பார்த்தோமே மாமா, மேடு முழுக்கக் காய்ஞ்சு பழுப்பா இருந்துச்சு," என்றாள் மாயுமி.

"தூரத்துலேர்ந்து பார்த்தா அப்படித்தான் தெரியும். நம்மது நிழல்ல இருக்கு."

"நம்மது மேட்டு உச்சியிலப்பா. அங்க எங்கேர்ந்து நிழல் வருது?" என்றாள் நொரிகோ.

அப்பா நூடுல்ஸை உறிஞ்சினார். பதில் சொல்ல விருப்பமில்லாதபோது அவர் சத்தமாக உறிஞ்சுவார்.

"பனி இருந்தா நான் போய் அள்ளிட்டு வர்றேன். கரித்தூள் மூட்டை பிரிக்காமக் கிடக்கே, அதையும் தூவிட்டு வந்தா நாளைக்குள்ள இளகிடும்," என்றாள் நொரிகோ.

"உனக்கு எதுக்கு அந்த வேலை? இடுப்பு பிடிச்சுக்கும்."

"ஜன்னல் பலகை எல்லாம் கழட்டியாச்சாடா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"ஒண்ணு பாக்கி. சாமி ரூம் ஜன்னல். அப்பா அதை விட்டுடச் சொன்னாரு."

"அது இருக்கட்டும்," என்றார் அப்பா. "இன்னொரு தடவை பனி விழுந்தாலும் விழும்."

மே மாதம் வாசற்படியில் நிற்கிறது. இதற்குமேல் விழுகிற பனியால் ஒரு ஜன்னலும் உடையப் போவதில்லை. பனி தள்ளியே பென்ஷன் வாங்குகிறவருக்கு அது தெரியாதா? நொரிகோ வாயைத் திறந்தாள். மாயுமி மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். பேச்சை மாற்ற அவளே ஆரம்பித்தாள்: "வீட்டுக்குப் பின்னால ஃபுக்கி மொட்டு பறிக்கலாம்னு போனேன் அண்ணி. எல்லாம் பூத்துத் தண்டு நீண்டு போச்சு. ஒண்ணுகூடத் தேறல."

பனி விலகின இடத்தில் முதலில் தலைநீட்டுவது ஃபுக்கி. பச்சை மொட்டாக, இறுக்கமாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். வாய் திறந்துவிட்டால் கசப்பு தாங்காது. அம்மா அதை எண்ணெயில் வதக்கி, மிசோ என்கிற சோயா விழுதும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டி, வருஷா வருஷம் ஆளுக்கொரு பாட்டில் அனுப்புவாள். சூடான சோற்றில் ஒரு துளி போதும். இந்த வருஷம் பாட்டில் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை யாரும் இதுவரை சொல்லாமல் இருந்தார்கள்.

"ஒரு வாரம் முன்னாடியே வந்திருக்கணும்," என்றான் தகாயுகி.

சாப்பிட்டதும் நொரிகோ மண்வெட்டியையும் கரித்தூள் மூட்டையையும் தம்பி காரில் போட்டுக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பினாள். அப்பா வேனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. அதுவே அவளுக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். ஆனால் நொரிகோ கிளம்பினால் கிளம்பினதுதான், யோசிப்பதெல்லாம் திரும்பி வரும்போது.

மேட்டில் பனி இல்லை.

கல்லறைகள் எல்லாம் கழுவித் துடைத்த மாதிரி வெயிலில் நின்றன. போன வருஷத்துப் புல் மஞ்சளாகப் படிந்து கிடந்தது. வழியெல்லாம் ஃபுக்கி முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து பூத்திருந்தது. சில கல்லறைகளில் அதற்குள் யாரோ வந்து பூ வைத்துப் போயிருந்தார்கள். நொரிகோவுக்குக் கோபம் வந்தது. நிழலாம், இடுப்பளவாம். கடைசி வளைவைத் திரும்பினாள்.

அங்கே அவர்கள் குடும்பக் கல்லறை இல்லை. இருந்த இடத்தில், நாலு பக்கமும் செதுக்கினாற்போல, இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பனி மேடை இருந்தது.

சுற்றி எங்கும் கையளவு பனி இல்லை. இது மட்டும் தனியாக நின்றது. மேலே நீலத் தார்ப்பாய் போர்த்தி, ஓரங்களில் கல் வைத்திருந்தது. அவள் பாயைத் தூக்கினாள். உள்ளே உமி. அரிசி மில் உமியை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பியிருந்தது. வெயிலின் சூடு பனிக்கு எட்டாமல் இருக்க உமி போட்டு மூடுவது இந்தப் பக்கத்து விவசாயிகள் காய்கறியைக் கெடாமல் வைக்கச் செய்கிற வேலை. கல்லறைக்கு யாரும் செய்ததில்லை. பக்கத்தில், கைப்பிடி வைத்த பனி தள்ளும் பெரிய முறம் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. கைப்பிடியில் சிவப்புக் கம்பளி நூல் சுற்றியிருந்தது. கை சில்லிடுகிறது என்று அம்மா சுற்றினது.

வடக்குச் சரிவின் பள்ளத்திலிருந்து இந்த இடம் வரைக்கும் சேற்றில் முறம் இழுத்த தடம், ஒன்றன்மேல் ஒன்றாக, ஆழமாகப் பதிந்திருந்தது. ஒரு நாள் வேலை இல்லை இது. தினம் தினம் வந்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் ஊரார் வாசலிலிருந்து பனியைத் தள்ளின மனுஷன், எழுபத்தொரு வயதில் அதை ஒரு இடத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

நொரிகோவுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. சத்தமாகவே சிரித்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக் கோபத்தோடு நாலு வெட்டு வெட்டினாள். பனி அத்தனை இறுக்கமாக மிதித்திருந்தது, மண்வெட்டி துள்ளியது. வெட்டின துண்டுகள் காலடியில் விழுந்து கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, அப்பா பூட்ஸ் காலால் இதைச் சுற்றிச் சுற்றி மிதித்தது கண்ணில் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. துண்டுகளைப் பொறுக்கி எடுத்த இடத்திலேயே வைத்து, உமியைப் பரப்பி, பாயை இழுத்துப் போர்த்திக் கல்லும் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அவள் வந்தபோது வாசலில் கரி அடுப்பு கணகணவென்றிருந்தது. நடுவில் மேடு கட்டின இரும்புச் சட்டியின் உச்சியில் ஆட்டுக்கறி, ஓரத்தில் வெங்காயமும் முளைப்பயறும். சாயங்கால வெயில் இன்னும் போகவில்லை. அம்மாவின் பெட்டி வாசல் பெஞ்சில், அப்பாவுக்குப் பக்கத்தில், புகை படாத பக்கமாக உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் ஒரு தட்டில் ரெண்டு துண்டு கறி.

"என்னக்கா, பனி இருந்துச்சா?" என்று கேட்டான் தகாயுகி.

அப்பாவின் கையிலிருந்த இடுக்கி சட்டிமேல் நின்றது. அவர் நிமிரவில்லை.

நீதான் கெட்டவளா இருக்கணும். நொரிகோ மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

"இருக்கு," என்றாள். "நிறைய இருக்கு. நாளைக்கு முடியாது."

"என்ன அண்ணி, நாங்க பார்த்தப்போ..."

"இருக்குன்னா இருக்கு மாயுமி. எனக்குக் கண்ணு தெரியாதா? கோயில் சாமிக்கு நான் போன் பண்ணி நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லிடறேன். முதல்ல பசிக்குது, கறியைப் போடுங்க."

தகாயுகி பீர் டின்னைத் திறந்தான். "அப்ப எனக்கு இன்னொரு லீவு கிடைக்கும்," என்றான். அவனுக்கு எல்லாம் நல்ல சேதிதான். அப்பா ஒரு துண்டு கறியை, நன்றாக வெந்ததாகப் பார்த்து, நொரிகோவின் தட்டில் வைத்தார். பிறகு இன்னொரு துண்டு. பிறகு இன்னொன்று. அவள் போதும் என்று சொல்லுகிறவரை வைத்துக்கொண்டே இருந்தார்.

சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் வெளிக்குழாயில் சட்டியைக் கழுவினார்கள். உள்ளே தம்பியும் மாயுமியும் டிவி சத்தத்துக்குமேல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உமி எங்கப்பா கிடைச்சுது?"

அப்பா கொஞ்ச நேரம் தேய்த்தார். "மொரிதா மில்லுல. சும்மாதான் குடுத்தான். ஸ்ட்ராபெரிச் செடிக்குன்னு சொன்னேன்."

"நம்ம வீட்டுல ஸ்ட்ராபெரிச் செடியே கிடையாதே."

"அவனும் அதைத்தான் கேட்டான்."

நொரிகோவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அப்பாவும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"மார்ச் கடைசியில சும்மாப் பார்க்கலாம்னுதான் போனேன்," என்றார் அப்பா. "மத்த கல்லு எல்லாம் தலை காட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. நம்ம கல்லும் கறுப்பா ஒரு உள்ளங்கை அளவு தெரிஞ்சுது. பக்குனு ஆயிடுச்சு. பள்ளத்துலேர்ந்து ஒரு முறம் அள்ளி அது மேல போட்டேன். அன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்னு நினைச்சேன்."

"அம்மா என்கிட்டச் சொல்லிட்டுப் போனாங்கப்பா. முதல் வெயில் நாள்ல வச்சிடு, நீதான் கெட்டவளா இருக்கணும்னு. எனக்கு அது வரலப்பா."

"அவ சொல்லியிருப்பா."

"அப்பா..."

"அங்க உன் பாட்டி, எங்கம்மா இருக்காங்கடீ. உள்ள இருக்கிறது ஒரு சின்ன அறை. இந்த ரெண்டு பேருக்கும் ஒரே சமையல்கட்டுலயே ஆகாது. அதுலயும் குளிரு. ஜன்னல்கூடக் கிடையாது. இவ எப்படி இருப்பா?"

நொரிகோ குழாயை மூடினாள். அவள் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

"இங்கேயும் ஜன்னல் இல்லையேப்பா. அந்தப் பலகையை நீங்க எடுக்க விடல. அம்மா நவம்பர்லேர்ந்து இருட்டுலதான் இருக்காங்க."

அப்பா கழுவின சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். தண்ணீர் அவர் பூட்ஸில் சொட்டியது. பிறகு சட்டியைச் சுவரோரம் கவிழ்த்துவிட்டு, அம்மாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நொரிகோ பிக்குவைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தாள். காலையில் பண்ணிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள்.

காலையில் அவளை எழுப்பினது சுத்தியல் சத்தம். சாமி ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஆணி பிடுங்கினார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனபோது பலகைகளுக்கு இடையில் வெயில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு பலகை போனது. இன்னொன்று போனது. கடைசிப் பலகை போனதும் அறை முழுக்க வெளிச்சம் வந்து நின்றது. பாயெல்லாம் தூசி. அம்மாவின் வெள்ளைப் பட்டு உறையில் ஊதுபத்திப் புகை ஏறி மஞ்சள் பூத்திருந்தது இப்போதுதான் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியில், ஏணிமேல், அப்பாவின் முகம் தெரிந்தது. வேலைக்காலத்து ஆரஞ்சு ஜாக்கெட் போட்டு, தொப்பியும் வைத்திருந்தார்.

"கொஞ்ச நேரம் வெயில் காயட்டும் அவ," என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "அப்புறம் கிளம்பலாம். சாமி வர்றதுக்குள்ள அள்ளி முடிக்கணும். தகாவை எழுப்பு."

"எதை அள்ளணும்?" என்றான் தகாயுகி, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"பனியை. நேத்து உங்கக்கா சொன்னாள்ல, நிறைய இருக்குன்னு."

மேட்டில் தார்ப்பாயைத் தூக்கினதும் தகாயுகி வாயைப் பிளந்தான். முறத்தடத்தைப் பார்த்தான், உமியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "அப்பா, இதை நீங்களா..." என்று ஆரம்பித்தவன் முடிக்க முடியாமல் மூக்கை உறிஞ்சினான். அம்மா சொன்னது சரிதான். மாயுமி ஒரு கைக்குட்டையை அவனுக்கும் ஒரு மண்வெட்டியைத் தனக்கும் எடுத்துக்கொண்டாள்.

பாதி வேலையில் பிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றிக் காட்சியை நிதானமாகப் பார்த்தார்.

"ஊர்ல எல்லாருக்கும் ஏப்ரல் வந்திருக்கு. உங்க வீட்டுக்கு மட்டும் ஜனவரியா எய்கிச்சி?"

"இப்ப முடிஞ்சிடும் சாமி."

"ரெண்டு வாரம் முன்னாடியே பார்த்தேன். சரி, முடியும்போது முடியட்டும்னு இருந்தேன்." அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு அவரும் ஒரு மண்வெட்டியைக் கேட்டு வாங்கினார்.

வெட்டின பனிக்கட்டிகளைத் தார் ரோட்டில் விசிறினார்கள். ரோடு சூடேறிக் கிடந்தது. போட்ட கட்டி கண்முன்னால் இளகித் தண்ணீராகி ஓடியது. அப்பா ஒரு கட்டத்தில் எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, சிவப்பு நூல் சுற்றின முறத்தை எடுத்து, பழைய வேகத்தில் நாலே தள்ளில் ஒரு பக்கத்தை வழித்துப்போட்டார். பிக்கு கைதட்டினார். மாயுமியும் கைதட்டினாள். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிவந்திருந்தது. கூச்சமாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

கல் தெரிந்தது. கல்லின் அடி தெரிந்தது. கடைசிப் பனியை மாயுமி கையால் வழித்தவள், "ஐயோ!" என்றாள்.

கல்லைச் சுற்றி, ஈர மண்ணில், ஃபுக்கி மொட்டுகள். வெளியில் எல்லா இடத்திலும் பூத்து முற்றிப்போனது இங்கே மட்டும் இன்னும் வாய் திறக்காமல், இளமஞ்சள் பச்சையில், உருண்டை உருண்டையாக உட்கார்ந்திருந்தது. பத்துப் பேருக்குக் கிண்டலாம், அத்தனை இருந்தது.

"யாரும் தொடாதீங்க," என்றார் அப்பா. "முதல்ல அவளை வைப்போம்."

பிக்கு மணியைத் தட்டி ஓத ஆரம்பித்தார். தகாயுகி முன்கல்லை நகர்த்தினான். உள்ளிருந்து சில்லென்ற காற்று வந்தது. அப்பா மண்டியிட்டு, அந்த இருட்டு வாய்க்குள் தலையை விட்டு, ஓதுகிற சத்தத்துக்கு நடுவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. கிமியே வர்றா. சண்டை போட்டுக்காதீங்க ரெண்டு பேரும்."

பிக்குவின் குரல் ஒரு கணம் பிசகியது. சமாளித்துக்கொண்டு தொடர்ந்தார். நொரிகோ சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். அப்பா பட்டு உறையை அவிழ்த்து, பெட்டிக்குள் இருந்த வெள்ளைப் பீங்கான் அஸ்தி ஜாடியை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே இறக்கினார். கையை உடனே எடுக்கவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு எடுத்தார். தகாயுகி கல்லைத் தள்ளி மூடினான்.

அப்புறம்தான் அப்பா தொப்பியைக் கழற்றி, கல்லைச் சுற்றிக் குந்தியபடியே நகர்ந்து, மொட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பறித்தார். யாரையும் கூடச் சேர்க்கவில்லை. தொப்பி நிறைந்து வழிந்தது.

"அத்தை சர்க்கரை எவ்வளவு போடுவாங்க மாமா?" என்று கேட்டாள் மாயுமி.

"தெரியாதும்மா. நாக்குல வச்சுப் பார்த்துதான் போடுவா."

"நாமளும் வச்சுப் பார்ப்போம்."

"பார்க்கலாம்."

தம்பியும் மாயுமியும் அவர்கள் காரில் முன்னால் போனார்கள். பிக்குவின் மோட்டார் சைக்கிள் வளைவில் மறைந்தது. நொரிகோ மண்வெட்டிகளையும் முறத்தையும் வேனின் பின்னால் ஏற்றிவிட்டு, முன்கதவைத் திறந்து ஏறப் போனாள்.

முன்சீட்டில் அப்பாவின் தொப்பி, மொட்டுகளோடு இருந்தது. அப்பா ஓட்டுநர் சீட்டிலிருந்து குனிந்து, எதையோ யோசித்தபடி, சீட் பெல்ட்டை இழுத்து அதன்மேல் போட்டு மாட்டிக்கொண்டிருந்தார். கிளிக்கென்று சத்தம் கேட்டது.

நொரிகோ கதவை மெல்ல மூடிவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள்.